உயிருடன் வெளியேற்றம்

இசக்கியப்பனுக்கு நான்கு. பிகாஷுக்கு அறுபத்தொன்று.

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எண்கள் அப்படியேதான் இருந்தன.

மருதாறு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், பதினொன்றாம் கட்டிலில் இசக்கியப்பன் கிடந்தார். ஐம்பத்தாறு வயது. வாழைத்தோட்டத்தில் அரிவாள் பட்ட காயம் ஆறு நாளில் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. ரத்த அழுத்தம் எண்பத்து நான்கில் இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. பெயரைக் கேட்டால், "மடைய அடைச்சாச்சா?" என்று பதில் வந்தது. ஆனால் தலைமாட்டுத் திரையோ, அடுத்த முப்பது நாளில் இவர் இறந்துபோவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான் என்று இதமான பச்சை நிறத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிப் படுக்கையில், பிகாஷ் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஒடிசாவிலிருந்து வந்து டைல்ஸ் ஒட்டுகிறவர். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சலோடு நேற்றுத் தனியாக நடந்து வந்தார். அவருக்கு அறுபத்தொன்று, சிவப்பு.

அந்த இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் 'உயிர்க்கணி'. ஊழியர்கள் வைத்த பெயர் ஜோசியர். கிருமித் தொற்றோடு வருகிற ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத்தில் சாவுக் கணக்கைச் சொல்லிவிடும். நாற்பதுக்கு மேல் போனால்தான் தீவிர சிகிச்சைப் படுக்கை. படுக்கைகள் பன்னிரண்டு. யாருக்கு என்று மருத்துவர்கள் சண்டை போட்ட காலம் போய், இயந்திரமே பங்கிட ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். ஞானதிரவியம் அதன் பராமரிப்பாளர். யாராவது "இது எப்படி சார் சொல்லுது?" என்று கேட்டுவிட்டால் போதும், டீ ஆறுவது தெரியாமல் விளக்குவார். ஆனால் இப்போது அவருக்கே விளங்கவில்லை.

"திரவியம் சார், உங்க ஜோசியருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் பணியிலிருந்த டாக்டர் மெகர்பானு. "பி.பி.யைத் தூக்குற மருந்து ஏத்தணும். அதை ஐ.சி.யூ.வுலதான் ஏத்த முடியும். இவருக்குப் போய் நாலுங்குது."

"மறுப்புப் படிவம் எழுதினீங்களா மேடம்?"

"ரெண்டு எழுதியாச்சு. ரெண்டுலயும் சூப்பிரண்ட் 'இயந்திரம் தொண்ணூத்தொன்பது சதவீதம் சரி, தாங்கள்?'னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாரு. நான் ஒரு சதவீதமாம்."

கட்டிலின் கால்மாட்டில் இசக்கியப்பனின் மனைவி வடிவு நின்றிருந்தார். "அண்ணாச்சி, கால்லதான புண்ணு? ஏன் பிச்சுப் பிச்சுப் பேசுதாக?" என்று கேட்டார்.

ஞானதிரவியத்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "கிருமி கால்லதான்மா இருக்கு. ஆனா அதை விரட்ட நம்ம உடம்பு ஒரு படையக் கெளப்பி விடும் பாத்துக்கிடுங்க. அந்தப் படை சில நேரம் எதிரி எது, நம்ம வீடு எதுன்னு பாக்காம எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுரும். ரத்தக் குழாயெல்லாம் தொளதொளன்னு ஆயிரும். குழாய் விரிஞ்சா தண்ணி வேகம் கொறையும்லா? அதான் பிரஷர் இறங்குது. மூளைக்கு ரத்தம் பத்தாம மடை மடைன்னு பேசுதாரு."

"அப்ப பெரிய வியாதிதானே?"

"பெரிய வியாதிதான்."

"அந்த டி.வி. ஏன் பச்சையா இருக்கு?"

ஞானதிரவியம், "பாத்துட்டு வாரேன்மா" என்று தன் அறைக்கு நடந்தார்.

ஒரு கருவி ஏன் தப்புப் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்க ஞானதிரவியம் அறிந்த வழி ஒன்றுதான். ஒரே ஒரு திருகை மட்டும் திருப்பிப் பார்ப்பது, மற்றதைத் தொடாமல். இசக்கியப்பனின் விவரங்களைச் சோதனைத் திரையில் நகல் எடுத்தார். வயதை எழுபதாக்கினார். நான்கு, ஐந்தானது. சரிதான். ரத்த அழுத்தத்தை எண்பத்து நான்கிலிருந்து ஆரோக்கியமான நூற்றிருபதாக ஏற்றினார். எண் ஒன்றுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஏழுக்கு ஏறியது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மனிதரின் ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் சாக வாய்ப்பு அதிகம், விழுந்துவிட்டால் குறைவு என்கிறது இயந்திரம்.

காய்ச்சல், நாடித்துடிப்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போனார். சேர்க்கைச் சீட்டில் இருக்கும் கட்டங்கள் எல்லாமே இயந்திரத்துக்குத் தீனிதான். கடைசியில் எவரும் கவனிக்காத ஒரு கட்டம் இருந்தது. உடன் வந்தவர்களுக்குக் கொடுத்த பாஸ்களின் எண்ணிக்கை. இசக்கியப்பனுக்கு ஒன்பது. அதைச் சுழியமாக்கினார்.

எழுபத்தெட்டு. சிவப்பு.

கண்காணிப்பாளர் டாக்டர் திருவேங்கடநாதனின் அறையில் முதலில் கண்ணில் படுவது கேடயம். மாநிலத்திலேயே மிகக் குறைந்த மரண விகிதம், நூற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. அதைப் பார்க்காமல் அவரைப் பார்க்க முடியாதபடி, மேசையின் நடுவில் நிற்க வைத்திருந்தார்.

"ஆக, சொந்தக்காரங்க கூட இருந்தா நோயாளி சாகறதில்லை" என்றார், விஷயத்தைக் கேட்டு முடித்ததும். முகம் மலர்ந்துவிட்டது. "ஞானதிரவியம், நீர் என்ன கண்டுபிடிச்சிருக்கீர்னு உமக்கே தெரியலையே. பாசம்! பாசத்துக்கு மருத்துவ குணம் இருக்கு. வெள்ளைக்காரன் இதை இன்னும் கண்டுபிடிக்கலை. ஒரு கட்டுரை எழுதுவோம். என் பேர் முதல்ல, உம்ம பேர் ரெண்டாவது."

"சார், பாசம் ரத்த அழுத்தத்தைத் தூக்காது சார்."

"தூக்குதே! நாற்பதாயிரம் பேரோட பதிவேட்டைப் படிச்ச இயந்திரம் சொல்லுது. போன வருஷமும் சோதிச்சோம். பச்சைன்னு சொன்ன ஆள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேர் நம்ம பதிவேட்டுல சாகலை. இல்லைன்னு சொல்லும்."

இல்லை என்று சொல்ல முடியாது. சோதித்ததே ஞானதிரவியம்தான்.

"இந்த ஆளுக்கு மட்டும் ஒரு படுக்கை..."

"அவரைச் சுத்தி ஒன்பது பேர் நிக்கறாங்க. அதுவே மருந்து" என்றார் கண்காணிப்பாளர். பேனாவை எடுத்துக் கட்டுரைக்குத் தலைப்பு எழுத ஆரம்பித்தார்.

கீழே வந்தபோது அந்த ஒன்பது பேரும் பதினொன்றாம் கட்டிலைச் சுற்றிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வேன் திரும்பி நின்றது, பின்கதவு திறந்தபடி. இசக்கியப்பனின் சித்தப்பா ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார்.

"படுக்கை இல்லங்காக. இங்க போட்டு வச்சு என்னத்துக்கு? கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். மூச்சு வீட்டுல வச்சுப் போனாத்தான் மரியாத" என்றார் சித்தப்பா.

"மூச்சு போகணும்னு யாரு சொன்னா?" வடிவு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க பேச்சக் கேட்டு இவுக அண்ணன் கொம்பையாவையும் இப்பிடித்தான் தூக்கிட்டுப் போனோம். மூணு வருசம் ஆச்சு. ஊரு விலக்குல வேன் திரும்பயிலயே முடிஞ்சிட்டு. இவுகள நான் விடமாட்டேன்."

"சத்தம் போடாதட்டி. ஆசுபத்திரின்னு பாரு."

"போடுவேன். கொம்பையா மச்சான் செத்து மூணு வருசம். இன்னும் இந்த ஆசுபத்திரியில இருந்து அவுக போனுக்கு மாசா மாசம் மெசேஜ் வருது. 'எங்கள் சிகிச்சை உங்களுக்குத் திருப்தியா? ஒன்றை அழுத்தவும்'னு. அவுக வீட்டு அக்கா அதப் பாத்துப் பாத்து அழுதா."

ஞானதிரவியம் நின்ற இடத்திலேயே நின்றார். "ஏம்மா, அவரு முழுப் பேரு என்ன?"

"கொம்பையா. அப்பா பேரு சுடலைமாடன். எதுக்கு அண்ணாச்சி?"

அங்கிருந்த கணினியிலேயே தேடினார். கொம்பையா, வயது ஐம்பத்தொன்பது, நுரையீரல் தொற்று, ரத்த அழுத்தம் எழுபது. பாஸ் பதினொன்று. உறவினர் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்லப்பட்டார். கடைசிக் கட்டத்தில், முடிவு என்ற தலைப்பின் கீழ், இரண்டு சொற்கள்: உயிருடன் வெளியேற்றம்.

அந்தக் கட்டத்தை நிரப்பிய எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. வாசலைத் தாண்டும்போது கொம்பையா உயிரோடுதான் இருந்தார். மருத்துவமனையின் பதிவேடு வாசலோடு முடிகிறது.

"மேடம்" என்று கூப்பிட்டார் ஞானதிரவியம். மெகர்பானு வந்து திரையைப் பார்த்தார்.

"நம்ம ஊருல ஆளு பிழைக்காதுன்னு தெரிஞ்சா என்ன மேடம் செய்வோம்? வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். ஆஸ்பத்திரியில செத்தா ஊருக்குள்ள பேச்சு. வீட்டுல கிடத்தி, சுத்தி எல்லாரும் நின்னு, வாயில பால் ஊத்தி அனுப்பணும். அதுக்கு வேன் வேணும், தூக்க ஆள் வேணும். ஆள் இருந்தா பாஸ் நிறைய இருக்கும். ஜோசியருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அதுக்கு நாம காட்டினது நாற்பதாயிரம் வரி. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில செத்தாரா, உயிருடன் வெளியேறினாரா. அது ரொம்ப ஒழுங்காப் படிச்சிருக்கு மேடம். ரத்த அழுத்தம் விழுந்து, கூட ஒன்பது பேரும் இருந்தா, அந்த ஆளு இங்க சாகமாட்டாருன்னு கத்துக்கிட்டிருக்கு. உண்மைதானே? இங்க சாகமாட்டாரு."

மெகர்பானு அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டு, "அப்ப இங்க செத்தவங்கன்னு அது யாரைப் படிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லாதவங்கள. தனியா வந்தவங்கள. அதான் பல்லுவலிக்கு வந்த பிகாஷுக்கு அறுபத்தொன்னு."

"சோதனையில தொண்ணூத்தொன்பது வந்துச்சே சார்?"

"எப்படி வராம இருக்கும்? அது பச்சைன்னு சொல்லுது, நாம படுக்கை குடுக்கல. படுக்கை குடுக்காததால சொந்தக்காரங்க தூக்கிட்டுப் போயிடறாங்க. எழுத்தர் 'உயிருடன்'னு எழுதறாரு. ஜோசியம் பலிச்சுருது." மூன்று வருடமாக அந்தச் சதவீதத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் பெருமையாகப் படித்துக் காட்டியவர் ஞானதிரவியம்தான்.

மெகர்பானு கடிகாரத்தைப் பார்த்தார். ரத்த அழுத்தம் எழுபத்தெட்டுக்கு வந்திருந்தது. "கட்டுரை எழுதறவர் கிட்டப் போய் இதை விளக்கி முடிக்கறதுக்குள்ள இந்த ஆளு போயிருவாரு. பாஸைத் திருப்பிக் குடுத்தா எண்ணிக்கை குறையுமா?"

"குறையும் மேடம். கவுண்ட்டர்ல ஸ்கேன் பண்ணினதும் குறைஞ்சிரும்."

மெகர்பானு சித்தப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களால நோயாளிக்கு ஒரு உதவி ஆகணும்."

"சொல்லுங்கம்மா, ரத்தம் வேணுமா?"

"வேண்டாம். எல்லாரும் வெளிய போங்க. பாஸைக் கவுண்ட்டர்ல குடுத்துருங்க. இன்னைக்கு ஒரு நாள் இவருக்கு நாதியே கிடையாது."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாதி இல்லையா? எங்க வகையறாவே நானூறு தலக்கட்டு!"

"அந்த நானூறுதான்யா இவரக் கொல்லுது" என்றார் ஞானதிரவியம். அவர் வாழ்க்கையில் விளக்க நேரமில்லாத அரிய தருணங்களில் அது ஒன்று.

வடிவுதான் முதலில் தன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றினார். மற்ற எட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்று கொடுத்தார்கள். ஒவ்வொரு பாஸும் கவுண்ட்டரில் 'பீப்' என்றபோது, பதினொன்றாம் கட்டிலின் எண் ஏறியது. பன்னிரண்டு. இருபத்தாறு. நாற்பத்தொன்று. ஒன்பதாவது பாஸுக்குத் திரை சிவந்து அலற ஆரம்பித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நிரம்பியிருந்ததால், அங்கே இருப்பதிலேயே குறைந்த எண் யாருக்கு என்று இயந்திரம் தேடியது. அறுபத்தொன்று.

பிகாஷ் படியிறங்கி வந்தபோது ஞானதிரவியத்தைக் கும்பிட்டார். "அண்ணா, நான் நேத்துலேந்து சொல்றேன். பல்லு மட்டும்தான். எல்லாரும் என்னைப் பாத்து அழறாங்க."

மாடியில் இசக்கியப்பனுக்கு மருந்து ஏறியது. மறுநாள் காலின் அழுகிய சதையை எடுத்தார்கள், கால்விரல்கள் இரண்டையும். நான்காம் நாள் அவர் மனைவியைப் பார்த்து, மடையைப் பற்றிக் கேட்காமல், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கவுண்ட்டரில் ஒன்பது பேர் வரிசையாகப் பாஸைத் திருப்பிக் கொடுத்ததையும், அதற்கு எண் ஏறியதையும் அங்கிருந்த எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் விஷயம் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஆம்புலன்ஸ்கள் இருநூறு அடி தள்ளி நிற்க ஆரம்பித்தன. உறவினர்கள் இறங்கி டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, நோயாளி மட்டும் ஸ்ட்ரெச்சரில் தனியாக உள்ளே உருண்டு வந்தார். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டால், சளிக் காய்ச்சலுக்கு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கூட, "எனக்கு யாரும் இல்லை" என்று விம்மினார். ஜன்னல் வழியாக அவருடைய மூன்று மகன்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு படுக்கைக்கு நாற்பத்து நான்கு அநாதைகள் போட்டியிட்டார்கள்.

ஞானதிரவியம் மறுபடி மேலே போனார். என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் செய்து, அவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

"செத்தவங்களைத் தேடித் தேடி எண்ணப் போறீரா?" கண்காணிப்பாளரின் கை தன்னையறியாமல் கேடயத்தின் மேல் போனது. "வாசலுக்கு வெளியே நடக்கறதுக்கு நாம எப்படிப் பொறுப்பு? ஒன்று புள்ளி எட்டு என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது சார். அதைத் தெரிஞ்சுக்கத்தான்."

"போய் வேலையைப் பாரும்."

வேலையைப் பார்க்க வைத்தவர் ஒரு மாமனார். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் மாமனார், எண்பது வயது, சிறுநீரில் தொற்று, நினைவு தப்பி வந்தார். பிரமுகர் வீட்டார் டீக்கடையில் ஒளிகிற ஆட்கள் இல்லை. ஆறு கார். நாற்பத்தொரு பாஸ். தலைமாட்டுத் திரையில் ஞானதிரவியம் அதுவரை பார்த்திராத ஓர் எண் வந்தது.

சுழியம்.

"சாகறதுக்கு வாய்ப்பே இல்லையாம்" என்று மெகர்பானு அடக்கமாக அறிவித்தார். "விதிப்படி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

பிரமுகர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் இயந்திரத்தைப் பார்த்தார். பாசத்தின் மருத்துவ குணத்தைப் பற்றி அன்று அவர் எதுவும் பேசவில்லை. தன் கையாலேயே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனவர், இறங்கி வரும்போது ஞானதிரவியத்தின் காதருகே வந்து, "அந்தப் போன் சமாச்சாரத்தை ஆரம்பியும்" என்றார்.

அது லேசான வேலையாக இருக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் அப்பா செத்துவிட்டாரா என்று எப்படிக் கேட்பது? முதல் நாள் ஞானதிரவியம் நான்கு முறை எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். பிறகு ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார். "ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன். வீட்டுல அய்யா எப்படி இருக்காங்க?" அதற்கப்புறம் மறுமுனையில் வரும் அமைதியிலேயே பதில் இருக்கும். ஆனாலும் அவர் வைத்துவிடமாட்டார். பெரும்பாலானவர்கள் எந்தத் தெரு, எந்த வளைவு, கடைசியாக என்ன கேட்டார் என்றெல்லாம் சொன்னார்கள். ஒருத்தி, "மூணு வருசமா ஒங்க மெசேஜுக்கு ஒண்ணத்தான் அமுத்திட்டு இருக்கேன். நிறுத்திட்டா அவுக பேரயும் அடிச்சிருவீகளோன்னு" என்றாள். கொம்பையாவின் மனைவிதான் அது.

உறவினர்கள் வீட்டுக்குத் தூக்கிச் சென்று, உயிருடன் வெளியேறியதாக எழுதப்பட்ட ஆயிரத்து அறுநூற்று நாற்பது பேரில், ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர் முப்பது நாளைத் தாண்டவில்லை. மிச்சமிருந்த நூற்றிருபத்தெட்டுப் பேரில் சிலர் தாங்களே போனை எடுத்தார்கள். "செத்துருவேன்னு சொல்லித்தானவே அனுப்புனீரு? இப்ப எதுக்குப் போன் பண்ணுதீரு?" என்று ஒரு கிழவர் அரை மணி நேரம் ஏசினார். ஞானதிரவியம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார்.

மருத்துவமனையின் மரண விகிதம் ஐந்தரையானது. மாநிலத்தில் கடைசி இடம். மற்ற மருத்துவமனைகள் யாருக்கும் போன் செய்யவில்லை. தலைநகரிலிருந்து வந்த கடிதம், கேடயத்தைப் பழுதின்றி, தக்க உறையிட்டுத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொண்டது.

திருத்திய பதிவேட்டை இயந்திரம் மறுபடி முதலிலிருந்து படித்து முடித்த அன்று, ஞானதிரவியத்தின் பட்டியலில் இசக்கியப்பனின் முறை வந்தது. அவர் வீடு திரும்பிய முப்பதாவது நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது மணிக்கு அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு?" என்றது கரகரத்த குரல். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"ஆஸ்பத்திரியில இருந்து. வீட்டுல இசக்கியப்பன் எப்படி இருக்காங்க?"

"நாந்தான் பேசுதேன். மடையில நிக்கேன். என்னன்னு வெரசாச் சொல்லும்."

"ஒண்ணுமில்ல. இருக்கீகளான்னு கேட்டேன்."

"இருக்கேன்வே."

ஞானதிரவியம் கடைசிக் கட்டத்தில் 'இருக்கிறார்' என்று எழுதினார். பிறகு, மற்ற மாவட்டங்களுக்கு அனுப்ப வேண்டிய செய்முறைக் குறிப்பை எடுத்து, பாசம் பற்றிய கண்காணிப்பாளரின் முன்னுரையை நீக்கிவிட்டு, தேவையானதை மட்டும் தட்டச்சு செய்தார்:

நோயாளி யார் கையெழுத்தில், எந்த நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனாலும், முப்பதாவது நாள் அவர் வீட்டுக்கு ஒருவர் போன் செய்ய வேண்டும். இருக்கிறாரா, இல்லையா என்று கேட்டு, அந்தப் பதிலையே முடிவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கூட எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இயந்திரத்துக்குக் காட்டக் கூடாது. இவ்வளவும் செய்தால் அது சரியாகச் சொல்கிறது.